கப்பலுக்கு மேலே ஒரு வழி

நிக்கனோரா மொலினாரின் அடுப்பு எரிந்தது கப்பல்களால்தான். அவள் கப்பலில் வேலை பார்த்தவள் இல்லை, ஒரு நாளும் ஏறினவளும் இல்லை. எஸ்கோபல் பக்கத்து ஊர்களிலிருந்து கொலோன் நகரத்துக்குப் போக ஒரே சாலைதான் இருந்தது. அது இரண்டு கடல்களை இணைக்கிற கால்வாயில், தண்ணீர் நிரப்பிக் கப்பல்களை ஏற்றி இறக்குகிற கதூன் மதகின் குறுக்கே, ஒரு வண்டி மட்டும் போகிற அகலத்தில், தண்ணீரை ஒட்டிக் கிடந்த சுழல்பாலத்தின் மேல் போயிற்று. கப்பல் வந்தால் பாலம் ஒதுங்கிக்கொள்ளும். வண்டிகள் நிற்கும். பின்னாலேயே இன்னும் இரண்டு கப்பல் வந்துவிட்டால் காலைப் பொழுது அங்கேயே போய்விடும். நிற்கிறவர்களுக்குப் பசிக்கும். அந்தப் பசிக்கு முன்னால் நிக்கனோரா தன் கூடையோடு நின்றாள்.

மரவள்ளிக் கிழங்கை மசித்து, நடுவில் இறைச்சி வைத்து, பொன்னிறமாகப் பொரித்தெடுத்த கரிமஞோலா. கூடவே தேங்காய் ரொட்டி, காப்பி. ஆள் குள்ளம், குரல் மட்டும் பெரிது. வரிசையின் கடைசி வண்டிக்காரனுக்கும் இன்றைக்கு இறைச்சியா கோழியா என்று முதல் வண்டியிலிருந்தே கேட்கும்.

சுற்றுலாக் கப்பல் வருகிற நாட்களில்தான் வியாபாரம் சூடு பிடிக்கும். மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கினால் அவை வரத் தொடங்கும். வெள்ளை வெளேரென்று, மாடிமேல் மாடியாக, கொலோனில் எந்தக் கட்டடமும் அவ்வளவு உயரமில்லை. இரண்டு கரையிலும் தண்டவாளத்தில் ஓடும் இழுவை வண்டிகள் கயிற்றைப் பிடித்துக்கொள்ள, கப்பல் ஆமை மாதிரி ஊர்ந்து மதகுத் தொட்டிக்குள் நுழையும். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களுக்கும் அந்தப் பக்கம் மாடியில் நிற்கிறவர்களுக்கும் நடுவே பேசினால் காதில் விழுகிற தூரம்தான். மேலே இருக்கிறவர்கள் கையசைப்பார்கள். கீழே இருக்கிறவர்களில் சிலர் பதிலுக்கு அசைப்பார்கள். மற்றவர்கள் வண்டிக்குள் தூங்குவார்கள்.

பக்கத்தில் இளநீரும் லாட்டரிச் சீட்டும் விற்றவள் பசீலியா. அவளுடைய மூத்த மகனுக்கு நிக்கனோராதான் ஞானத்தாய். அந்த உறவால் இருவரும் ஒருவரையொருவர் கோமாத்ரே என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"கோமாத்ரே, அந்த உச்சி மாடியில பாரு, குளிக்கறாங்க. கடல்ல போற கப்பலுக்குள்ள இன்னொரு குளம் எதுக்கு?" என்பாள் பசீலியா.

"கடல் உப்பாச்சே. அவ்வளவு செலவு பண்ணி வந்தவங்க உப்புத் தண்ணியிலயா குளிப்பாங்க?"

"எனக்கு ஒருநாள் டிக்கெட் குடுத்தா குளத்தை விட்டு எழுந்திரிக்கவே மாட்டேன்."

"உனக்கு டிக்கெட் குடுத்தா கப்பல் மதகுல சிக்கிக்கும்."

இப்படியே பல வருடங்கள் போயின. நிக்கனோராவின் கணவன் டெமெட்ரியோ ஏரியில் மீன் பிடித்தான். பிள்ளைகள் மூன்றும் வளர்ந்து ஆளுக்கொரு திசையில் போனார்கள். கப்பல் வந்து வழியை மறித்தது என்று வரிசையில் எல்லாரும் திட்டியபோதெல்லாம் நிக்கனோரா வாயைத் திறக்கவில்லை. திட்டுகிறவர்கள் ஆளுக்கு இரண்டு கரிமஞோலா வாங்கினார்கள்.

ஒரு டிசம்பர் மாதக் காலையில் டெமெட்ரியோ வீட்டுக்குப் பின்னால் வாழை இலை அறுக்கப் போனான். ஈரச் சருகுக்குள் கிடந்த பாம்பு கணுக்காலுக்கு மேலே கொத்திவிட்டது. முதுகு நெடுகப் பெருக்கல் குறி போட்டதுபோல் இருக்கும் பாம்பு அது. அந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கும் அதைத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரனின் பிக்கப் வண்டியில் பின்னால் மெத்தையைப் போட்டு, அவனைக் கிடத்தி, நிக்கனோரா தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி பறந்தது. மருந்து கொலோன் ஆஸ்பத்திரியில் இருந்தது. மதகை நெருங்கும்போதே தூரத்தில் மரங்களுக்கு மேலே வெள்ளையாக ஒரு மாடி நகர்வது தெரிந்தது.

அவள் இறங்கி வரிசை நெடுக ஓடினாள். தினமும் கூடையோடு நடந்த அதே வரிசை. எல்லாரும் வண்டியை ஒதுக்கி பிக்கப்பை முன்னால் விட்டார்கள். ஆனால் பாலம் ஏற்கெனவே விலகியிருந்தது. பாலத்துக் காவலாளி அவளை நன்றாக அறிந்தவன். அவன் முகமே வெளுத்துப்போயிற்று.

"நிக்கனோரா, கப்பல் மூக்கை உள்ள விட்டாச்சு. இனிமே பாதியில நிறுத்த முடியாதும்மா. முழுசா உள்ள போய், கதவு சாத்தினாத்தான் பாலம் வரும்."

"அதுக்கு எவ்வளவு நேரமாகும்?"

எவ்வளவு நேரமாகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அங்கே யாரும் இல்லை.

அவள் வேலியோரம் போனாள். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கப்பலைப் பார்த்து வீசினாள். எதற்கு வீசினாள் என்று பின்னால் கேட்டவர்களுக்கு அவளால் சொல்ல முடியவில்லை. நிறுத்து என்றா, சீக்கிரம் போ என்றா, உங்களில் யாராவது டாக்டரா என்றா. மாடியில் நின்றவர்கள் சந்தோஷமாகக் கையசைத்தார்கள். தொப்பி போட்ட ஒரு பெரியவர் கேமராவை எடுத்து அவளைப் படம் பிடித்தார். அவள் இன்னும் வேகமாக வீசினாள். அவர்களும் இன்னும் வேகமாக அசைத்தார்கள். எங்கோ உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அந்தக் கப்பலுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே இன்னொன்றும் வந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது டெமெட்ரியோவின் கால் தொடை வரை வீங்கிக் கறுத்திருந்தது. உயிர் தங்கியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"முன்னாடியே வந்திருந்தா கால் தப்பியிருக்கலாம். தப்பாமலும் போயிருக்கலாம். யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர். நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாதவர்.

வீட்டுக்கு வந்த பிறகு டெமெட்ரியோ அதை ஏற்றுக்கொண்டுவிட்டான். கட்டிலில் சாய்ந்துகொண்டு, "விடு நிக்கா. ஒரு செருப்பு மிச்சம்" என்றான். அவள் சிரிக்கவில்லை.

"தப்பியிருக்கலாம்னு சொன்னாரே, அதை என்னால முழுங்க முடியல."

"தப்பாமலும் போயிருக்கலாம்னுதான் சொன்னாரு."

"அதைத்தான் சொல்றேன். எப்படியும் போயிருக்கும்னு சொல்லியிருந்தா பாம்பு மேல பழி. இப்போ யார் மேலனு தெரியல. கப்பல்ல இருந்தவங்களைச் சொல்லிக் குத்தமில்ல. கேட்டுல நின்னவனையும் சொல்ல முடியாது. ஆனா தண்ணிக்கு மேல ஒரு நிஜப் பாலம் இருந்திருந்தா, கப்பல் பாட்டுக்கு அடியில போயிருக்கும். நாம பாட்டுக்கு மேல போயிருப்போம்."

"பாலம் வரும் வரும்னு எங்கப்பா காலத்துலயே சொன்னாங்க."

"சொன்னாங்க. யாரு கேட்டாங்க?"

மறு வாரம் அவள் மறுபடி கூடையைத் தூக்கிக்கொண்டு வரிசைக்குப் போனாள். காப்பியைக் கொடுக்கும்போதே கேட்டாள்: "ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் எஸ்கோபல் கோயில் முத்தத்துல கூட்டம். பாலம் கேக்கப் போறோம். வருவீங்களா?" வருகிறேன் என்று எல்லாரும் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தவர்களை ஒரு பெஞ்சில் உட்கார வைக்க முடிந்தது. அதிலும் இரண்டு பேர் கரிமஞோலா இருக்கும் என்று நம்பி வந்தவர்கள். நிக்கனோரா அவர்களுக்கும் கொடுத்தாள், அடுத்த ஞாயிறும் வரச் சொன்னாள்.

விஷயம் பரவியதும் பசீலியா இளநீர் வெட்டுகிற கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தாள்.

"கோமாத்ரே, ஒண்ணு கேக்கறேன். பாலம் வந்துட்டா இங்க யாரு நிப்பா?"

"யாரும் நிக்க மாட்டாங்க."

"அப்போ நீ யாருக்கு விப்பே? நான் யாருக்கு விப்பேன்? அந்தப் பக்கம் நிலக்கடலை விக்கற பொம்பளைக்குப் புருஷனும் இல்ல."

"அதை அப்போ பாத்துக்கலாம்."

"உனக்குப் புருஷன் கால் போச்சு. அது எனக்கும் வருத்தம்தான். அதுக்காக எங்க எல்லார் வயித்துலயும் அடிப்பியா?"

நிக்கனோராவுக்கும் இரவெல்லாம் அதே கேள்விதான்.

"நீ சொல்றது சரிதான்," என்றாள். "ஆனா நான் நிறுத்தப் போறதில்ல."

அன்றோடு பசீலியா தன் வண்டியை வரிசையின் மறுகோடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள். கோமாத்ரே என்று கூப்பிடுவதும் நின்றது.

தலைநகரத்தில் ஓர் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். போனாள். அங்கிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். அதற்கும் போனாள். ஒவ்வொரு தடவையும் விடியுமுன் கிளம்பி, மதகில் காத்திருந்து, கொலோனில் பேருந்து மாறி, நாட்டின் மறுகோடிக் கடற்கரை வரை போய்ச் சேருவாள். ஒரு நாள் கழுத்துப்பட்டை போட்ட ஓர் இளம் அதிகாரி உட்கார வைத்து, மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, இந்த நாடு சாப்பிடறதே அந்தக் கப்பல்களாலதான். அதை நாம தடுக்க முடியுமா?"

"நானும் அதாலதான் சாப்பிடறேன் சார். கப்பலைத் தடுக்கச் சொல்லல. அதுக்கு மேல ஒரு வழி கேக்கறேன்."

"திட்டம் இருக்கு. வரும்."

"எப்போன்னு சொல்லுங்க. அன்னைக்கு வரேன்."

தேதி கிடைக்கவில்லை. ஆகவே அவள் அடுத்த மாதமும் போனாள். வாசலில் நிற்கும் காவலாளி அவளுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தான். வெறுங்கையோடு வரமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

எஸ்கோபல் பேருந்தை ஓட்டியவர் ஐன்ஸ்லி வாரல். அவருடைய பாட்டனார் கால்வாய் வெட்ட பார்படோஸ் தீவிலிருந்து வந்தவர். அதனால் அவருக்கு ஆங்கிலம் வீட்டு மொழி. ஒரு நாள் வரிசையில் நிற்கும்போது, மாடியில் கையசைக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே நிக்கனோரா கேட்டாள்:

"வாரல், இவங்க நம்மளைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"வேடிக்கை பாக்க வந்திருக்கோம்னு நினைப்பாங்க. நாம ஏதோ அவங்களைப் பாக்கத்தான் வண்டி வண்டியா வந்து நிக்கறோம்னு."

அவள் காப்பிக் குவளையைக் கீழே வைத்தாள். "அப்படியா?"

மறுநாள் வீட்டிலிருந்த இரண்டு படுக்கை விரிப்பையும் எடுத்துக்கொண்டு வந்தாள். "இதுல அவங்க பாஷையில எழுதிக்குடு. நாங்க வேடிக்கை பாக்க வரல, வழி கிடைக்காம நிக்கறோம். வண்டியில சீக்காளி இருக்காங்க. எங்களுக்குப் பாலம் வேணும்."

வாரல் வர்ணம் பூசும் தூரிகையை வைத்துக்கொண்டு யோசித்தார். "தயவுசெய்துன்னு ஒரு வார்த்தை போடலாமா?"

"எதுக்கு? பாலம் அவங்களா கட்டப் போறாங்க?"

"மரியாதைக்கு."

"சரி போடு. இடமிருந்தா போடு."

இடம் இருந்தது. அடுத்த சுற்றுலாக் கப்பல் வந்த அன்று வரிசையில் நின்ற ஆசிரியைகள் இருவர், சிமெண்ட் லாரிக்காரன், ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கர்ப்பிணிப் பெண், வாரல், ஒற்றைக் காலும் ஊன்றுகோலுமாக டெமெட்ரியோ எல்லாரும் வேலிக்கு இந்தப் பக்கம் விரிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கும் மேலே கைகள் அசைந்தன. பிறகு ஒவ்வொன்றாக இறங்கின. ஒரு பெண் பக்கத்திலிருந்தவரிடம் எதையோ சுட்டிக் காட்டினாள். கப்பல் போக எடுத்துக்கொண்ட நேரம் முழுக்க அவர்கள் மௌனமாகக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எத்தனையோ கேமராக்கள்.

"இப்போ நம்மளைப் பாத்தாச்சு," என்றாள் நிக்கனோரா. "அடுத்த கப்பல் எப்போ?"

அந்தப் பருவம் முழுவதும் அவர்கள் நின்றார்கள். படம் எங்கோ வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் வந்து, அதைப் பார்த்து உள்ளூர்ப் பத்திரிகைக்காரர்கள் வந்து, டெமெட்ரியோவின் காலைப் பற்றிக் கேட்டார்கள். அவன் பாம்பைப் பற்றி அரை மணி நேரம் பேசினான். ஒவ்வொருவரிடமும் பாம்பு ஒரு சாண் வளர்ந்தது.

அடுத்து வந்த மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை, வாரல் தன் பேருந்தைச் சாலையின் குறுக்கே நிறுத்தினார். இம்முறை கோயில் முற்றத்து பெஞ்சு போதாது. அந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் வந்திருந்தன. போலீஸ் வந்தது. பேருந்து யாருடையது என்று கேட்டார்கள், வாரல் கையைத் தூக்கினார். யார் சொல்லி நிறுத்தினாய் என்று கேட்டார்கள். அவர் பேசுவதற்குள் நிக்கனோரா முன்னால் வந்தாள்.

"நான்தான்."

அவளை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். இருட்டுவதற்குள் டெமெட்ரியோ ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு, கையில் ஒரு தூக்குப் பாத்திரத்தோடு வந்து சேர்ந்தான். வாழ்நாளில் முதல்முறையாக அவனே பொரித்த கரிமஞோலா.

"இது என்ன, கல்லா?" என்றாள் அவள்.

"நீ ஜெயிலுக்குப் போனா நான் சாப்பிட வேணாமா? கத்துக்கறேன்."

"உள்ள இறைச்சி எங்க?"

"மறந்துட்டேன்."

ஸ்டேஷனில் இருந்தவர்களுக்கும் கொடுத்தான். ஒருவர் கடித்துப் பார்த்துவிட்டு, "அம்மாவை விட்டுருங்கப்பா, இந்த மனுஷன் பட்டினி கிடந்து செத்துருவாரு" என்றார். அன்றிரவே விட்டுவிட்டார்கள்.

பாலம் அவளால் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. அவளும் சொன்னதில்லை. கால்வாயை அகலப்படுத்துகிற வேலை வந்தது, பெரிய கப்பல்கள் வந்தன, அதற்கான கணக்குகள் எங்கெங்கோ நடந்தன. ஒரு நாள் அளவெடுக்கிறவர்கள் வந்து முளை அடித்தார்கள். பிறகு சேற்றிலிருந்து இரண்டு கோபுரங்கள் எழும்பத் தொடங்கின. நடுவில் வேலை நின்றது, மறுபடி தொடங்கியது. வேலை நின்ற மாதங்களில் நிக்கனோரா மறுபடி தலைநகரப் பேருந்தில் ஏறினாள். கழுத்துப்பட்டை அதிகாரிக்கு இப்போது நரை விழுந்திருந்தது. அவளைக் கண்டதும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அந்தக் காலத்தில்தான் பசீலியாவின் மூத்த மகனுக்குக் கல்யாணம். ஞானத்தாயை அழைக்கவில்லை. கல்யாணத்தன்று நிக்கனோரா நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு பெரிய தட்டு நிறையத் தேங்காய் ரொட்டியோடு போய் வாசலில் நின்றாள்.

"கூப்பிடாத இடத்துக்கு ஏன் போறே?" என்று டெமெட்ரியோ தடுத்துப் பார்த்திருந்தான்.

"ஞானஸ்நானத்துல அவன் தலையில தண்ணி ஊத்தும்போது பிடிச்சுக்கிட்டு நின்னவ நான். அதுக்குக் கூப்பிட்டாங்கல்ல. அது போதும்."

பசீலியா அவளைப் பார்த்தாள். உள்ளே போய், ஒரு தட்டில் சோறும் கோழியும் வைத்துக்கொண்டு வந்து, அவள் கையில் கொடுத்தாள். நிக்கனோரா உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டாள். மணமகன் வந்து அவள் கன்னத்தில் முத்தமிட்டுவிட்டுப் போனான். பேச்சு அதற்குப் பிறகும் தொடங்கவில்லை. பாலம் முடிகிற தறுவாயில் பசீலியா மகளோடு இருக்கத் தலைநகரத்துக்குப் போய்விட்டாள். சொல்லிக்கொள்ளவில்லை. இளநீர் வண்டியை மட்டும் நிலக்கடலை விற்ற பெண்ணுக்கு விட்டுப் போனாள் என்று நிக்கனோரா பிறகு கேள்விப்பட்டாள்.

பாலம் திறந்த நாளில் மேடையும் மாலையும் பேச்சும் இருந்தன. அவளுக்கு அழைப்பு வந்தது. கழுத்துப்பட்டை அதிகாரியின் வேலையாக இருக்கும். அவள் போகவில்லை. வெயிலில் நின்று பேச்சுக் கேட்க அவளுக்குப் பொறுமை கிடையாது. மறுநாள் வாரலின் பேருந்தில் டெமெட்ரியோவோடு ஏறினாள். பொய்க்கால் சரிபார்க்க அவன் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியிருந்தது.

பாலத்தின் உச்சியில் வாரல் வேகத்தைக் குறைத்தார். அங்கே நிறுத்தக்கூடாது என்று பலகை இருந்தது. கடல் பக்கத்திலிருந்து ஒரு கப்பல் வந்துகொண்டிருந்தது. முதல் தடவையாக அதன் கூரையை அவர்கள் பார்த்தார்கள்: நீலக் குளம், சாய்வு நாற்காலிகள், குடைகள்.

"சின்னதாத்தான் இருக்கு," என்றான் டெமெட்ரியோ.

"குளமா?"

"கப்பல்."

நிக்கனோரா எட்டிப் பார்த்தாள். "வாரல், நீ ரோட்டைப் பாத்து ஓட்டு," என்றாள்.

அந்த வாரம் அவள் பழைய இடத்துக்குப் போய்ப் பார்த்தாள். சாலை வெறிச்சென்று கிடந்தது. புல் இன்னும் முளைக்கவில்லை, ஆனால் முளைக்கும். பழைய காவலாளியை வேறு இடத்துக்கு மாற்றியிருந்தார்கள். பாலத்தின் மேல் யாரும் நிற்க முடியாது, நின்றால் அபராதம். பாலத்தின் இரண்டு முனையிலும் நின்று பார்த்தாள். வண்டிகள் அவளைத் தாண்டிக் காற்றாகப் போயின. ஒரு கரிமஞோலாகூட விற்கவில்லை. கொண்டுபோனதையெல்லாம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தின்றார்கள்.

"சொன்னாளே பசீலியா," என்றான் டெமெட்ரியோ. குத்திக் காட்டும் குரலில் இல்லை.

"சொன்னா. நானும் சரின்னுதான் சொன்னேன்."

"இப்போ?"

"நாளைக்குக் கொலோன் போறேன். பஸ் ஸ்டாண்டுல."

"அங்க இருக்கறவளுங்க உன்னை விடுவாளுங்களா?"

"விட மாட்டாளுங்க."

விடியற்காலையில் அடுப்பை மூட்டி, வழக்கத்தைவிட அதிகமாகவே பொரித்தாள். பேருந்து நிற்காமல் ஓடியதால், கூடையில் சூடு ஆறுவதற்குள் கொலோன் வந்துவிட்டது. பேருந்து நிலையத்தின் நிழல் எல்லாம் ஏற்கெனவே ஆட்களுக்குச் சொந்தம். தூணோரம் மீன் பொரித்து விற்ற ஒரு பெண் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எழுந்தாள். வயதில் இளையவள், ஆனால் இடத்துக்குப் பழையவள்.

"இங்க இடமில்ல. அந்தப் பக்கமும் இல்ல. எங்கயும் இல்ல."

"தெரியுதும்மா," என்றாள் நிக்கனோரா. "உன் மீன் நல்லா மணக்குது. நான் மீன் விக்கல."

"எது வித்தாலும் உக்கார இடமில்லன்னு சொல்றேன்."

"நான் எங்க உக்காருவேன்னு சொன்னேன்? வருஷக்கணக்கா நின்னுதான் வித்திருக்கேன்."

வெயிலில், பேருந்துகள் திரும்புகிற இடத்தில், யாருடைய நிழலையும் மிதிக்காமல் நின்றுகொண்டாள். கூடையின் மேலிருந்த துணியை விலக்கினாள். கடைசிப் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவனுக்கும் கேட்கிற குரலில், இன்றைக்கு இறைச்சி என்று சொன்னாள்.